ஆசாரியும் சிலிப்பரும்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "கல்யாணத்தத் தள்ளி வைக்கட்டுமாம்மா?" என்று கேட்டாய். நான், "சரி பார்க்கலாம்ப்பா, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிட்டேன். உனக்குச் சுருக்கென்று இருந்திருக்கும். உன் அப்பா அப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். இந்த வீட்டில் எந்த மூலைக்குப் போய்ப் பேசினாலும் அவர் காதில் விழும். அவருக்கு எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. அவரை வைத்துக்கொண்டே, அவர் தேறுவாரா மாட்டாரா என்று யாரோ ஒருவரைப் பற்றிப் பேசுவதுபோல் பேச எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். இதையும் அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். எழுத்து இப்போது அவருக்குப் பிடிபடுவதில்லை. பேப்பரைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பார்க்கிறார். நான் எழுதுவதையும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பக்கவாதம் வந்தபோது நீ லீவு எடுத்து வந்து இருந்த நாட்களில் பார்த்ததுதான். வலது கை தொங்கிவிட்டது, வலது காலை இழுத்து இழுத்து நடக்கிறார், வாயில் மிஞ்சியது ஒரே ஒரு சொல், "போதும்". தண்ணீர் வேண்டுமென்றாலும் போதும், வேண்டாமென்றாலும் போதும். நீ கிளம்பிய அன்று கேட் வரைக்கும் வந்து, இடது கையால் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "போதும், போதும்" என்றார். அழுதது போதும் என்று சொல்கிறார் என்று நினைத்து நீ இன்னும் அதிகமாக அழுதாய். கார் போன பிறகு நான் அவரைப் பார்த்து, "அழாதேன்னு சொன்னீங்களா?" என்று கேட்டேன். தலையாட்டினார். "சீக்கிரம் வான்னு சொன்னீங்களா?" என்றேன். அதற்கும் தலையாட்டினார். இன்றுவரை எனக்குத் தெரியாது.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மலாய்ப் பெண் நல்ல பிள்ளை. படம் போட்ட அட்டைகளை வரிசையாகக் காட்டும். கோப்பை, பூனை, குடை. குருவிப் படம் வந்தபோது அவர் அந்த அட்டையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு மேசையில் தட்டினார். "போதும்! போதும்!" பயிற்சி போதும் என்கிறாரோ என்று அந்தப் பெண் அட்டைகளை எடுத்து வைத்துவிட்டது. எனக்கு மட்டும் வேறு மாதிரி தோன்றியது. அவருக்கு வெறும் குருவி என்று ஒன்று கிடையாதே. எந்தக் குருவி என்று கேட்கிற மனிதராயிற்றே.

அது உனக்குத்தான் நன்றாகத் தெரியும். பள்ளி விடுமுறையில் விடியுமுன் அவரோடு, எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் ஏறிக்கொண்டு போவாய். கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில் அவர் லோரி ஓட்டிய காலம் அது. செம்மண் பாதையில் விளக்கு வெளிச்சத்தில் நெருப்புத் துண்டு மாதிரி இரண்டு கண் தெரியும், அவர் பிரேக் போட்டுவிடுவார். பக்கிக் குருவி. காய்ந்த இலை நிறத்தில் பாதையோடு பாதையாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். அது எழுந்து போகும்வரை லோரி நகராது. தாமதமாக வருகிறார் என்று மேற்பார்வை மண்டோர் கத்துவார், இவர் சிரித்துக்கொண்டு வந்து அதையும் என்னிடம் சொல்வார். சோற்றில் கை வைத்தபடி, "இன்னைக்குப் பாத்தது ஆசாரி இல்ல, சிலிப்பர்" என்பார். நான் ரசத்தை ஊற்றுவேன். கேட்டேன் என்று சொல்ல முடியாது. காதில் விழுந்தது, அவ்வளவுதான்.

ஆசாரி பெரிய பக்கி. பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரர்களும் அவர்கள் பாஷையில் அதைத் துக்காங், ஆசாரி என்றுதான் சொல்வார்களாம். பலகையில் சுத்தியலால் தட்டுகிற மாதிரி, தோக், தோக், தோக் என்று ஒரே சீராகக் கூப்பிடும். சிலிப்பர் என்ற பேர் உங்கள் இருவருக்குள் வைத்துக்கொண்டது. அது சின்னப் பக்கி. ஈரச் சிலிப்பரோடு சிமெண்டுத் தரையில் நடந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு கீச்சல், அதுவும் பறந்துகொண்டே. உட்கார்ந்திருந்தால் இரண்டும் எனக்கு ஒன்றுதான். உங்களுக்கு அப்படியில்லை. நீளவாலா குட்டைவாலா, பழுப்பா சாம்பலா, எழும்பும்போது வாலில் வெள்ளை எவ்வளவு தூரம் என்று அப்பனும் பிள்ளையும் மணிக்கணக்காகப் பேசுவீர்கள். வேலையிலிருந்து நின்று புக்கிட் பெருந்துங்கில் இந்த வீட்டுக்கு வந்தபோது, இங்கே குடிவராமல் கிடந்த கடைவீடுகளின் மொட்டைக் கூரையைக் காட்டி, "மேல வந்து உக்காரும், இது சிலிப்பரோட ஊரு" என்று சந்தோஷப்பட்டார். நான் அடுக்களைத் தொட்டியில் தண்ணீர் ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ ஜொகூருக்குத் திரும்பிப் போன பிறகு ஒருநாள் பொழுது சாயும் நேரம், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனார். நம் வீட்டுக்குப் பின்னால் வெட்டவெளியாகக் கிடக்கும் காலி நிலம், அதைத் தாண்டிப் புதர், அதற்கும் அப்பால் செம்பனை. அந்தப் பக்கம் கையைக் காட்டி, "போதும்" என்றார். இருட்டிக்கொண்டு வந்தது. ஏதோ ஒன்று தாழப் பறந்து போய்த் தரையில் இறங்கி மறைந்தது. "குருவி" என்றேன். முகத்தைச் சுளித்தார். "பக்கியா?" என்றேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மறுபடி காட்டினார். "ஆசாரியா?" போதும். "சிலிப்பரா?" போதும். இரண்டுக்கும் தலையாட்டினார், இரண்டுக்கும் கோபப்பட்டார். கடைசியில் தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை, தம்பி. நான் என்ன செய்ய? சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு உள்ளே கூட்டி வந்தேன்.

மறுநாளும் அதே நேரம் இழுத்தார். அதற்கு அடுத்த நாளும். அப்போதுதான் நான் உனக்குப் போன் பண்ணி, "பின்னால ஒரு பக்கி வருது, அது எதுன்னு எப்படிப்பா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன். நீ ஆபீசில் இருந்தாய்.

"வால பாருங்கம்மா. ஓரம் முழுக்க வெள்ளையா இருந்தா சிலிப்பர். நுனியில மட்டும் வெள்ளைன்னா ஆசாரி. ஆனா பொட்டையா இருந்தா வெள்ளை சரியா தெரியாது."

"எனக்குக் குருவியே சரியாத் தெரியல, அதுல வாலு எங்க?"

"சத்தம் கேட்டுச்சா?"

தோக் தோக் என்ற சத்தம் கேட்டது உண்மை. செம்பனைப் பக்கமிருந்து கேட்டது. அதைச் சொன்னேன். "அப்ப ஆசாரிதான்மா. எஸ்டேட் ஓரம்தானே. புதருக்கு அடியில சருகுல முட்டை போட்டிருக்கும். அத காட்டறாரு போல. டோன்ட் வொர்ரி, அங்க யாரும் போக மாட்டாங்க லா" என்றாய். நானும் நம்பிவிட்டேன். டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு அவரையும் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு புதர் புதராகப் பார்த்தேன். அவர் வரமாட்டேன் என்று நடுவெளியிலேயே காலை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் இழுத்தேன். எனக்குக் கோபம்கூட வந்தது. "நீங்கதானே காட்டுனீங்க, இப்ப வரமாட்டேன்னா எப்படி?" என்று அதட்டினேன். உன்மேல் குற்றமில்லை. நீ கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அப்படி. கேட்டது ஒரு குருவியின் சத்தம், பார்த்தது இன்னொரு குருவி. பறவை ஒன்றுதான் என்று நான் முடிவு பண்ணிக்கொண்டேன்.

அதற்குள் காலி நிலத்தில் ஆட்கள் வந்து குச்சி நட்டு அளந்துவிட்டுப் போனார்கள். மேடாக்கப் போகிறார்கள், மண் வரப்போகிறது என்று பக்கத்து வீட்டில் பேசிக்கொண்டார்கள். குச்சி நட்டதைப் பார்த்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. இரத்த அழுத்தம் கூடிவிட்டதோ என்று நான் பயந்து அளந்து பார்த்தேன். அவர் கையில் சுற்றிய பட்டையை அவிழ்த்து எறிந்தார்.

பிறகு ஒரு சாயங்காலம் நல்ல மழை. மழை விட்டதும் பின்வாசல் சிமெண்டில் தண்ணீர் நின்றது. நான் துணியை எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் காலை இழுத்துக்கொண்டு வந்தார். வலது கால் சிலிப்பர் ஈரத்தில் தேய்ந்து கீச்சென்றது. அவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து காலைப் பார்த்தார். மறுபடி அந்தக் காலை வேண்டுமென்றே இழுத்தார். கீச். என்னைப் பார்த்தார். இன்னொரு தடவை. கீச். என் கையிலிருந்த துணியெல்லாம் தரையில் விழுந்துவிட்டது.

"சிலிப்பரா? அது சிலிப்பரா?"

தம்பி, அவர் சிரித்தார். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டு, எச்சில் வழிந்துகொண்டு, சிரித்தார். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "போதும், போதும், போதும்" என்றார். அந்த ஒரு தடவை மட்டும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

உனக்கு உடனே போன் பண்ணினேன். "சிலிப்பர்னா வெட்டவெளியிலேயே போடும்மா. கூடு கீடு எல்லாம் இல்ல. சும்மா மண்ணு மேல" என்று நீ சொன்னாய். மறுநாள் வெளிச்சம் வந்ததும் இருவரும் போனோம். அவர் நின்ற இடத்தில், முன்பு நான் இழுத்து இழுத்தும் அவர் நகராத அதே இடத்தில், காலடியில் இருந்து ஒரு மண்கட்டி எழும்பிப் பறந்தது. சிறகு ஒடிந்ததுபோல் தரையில் துடித்துத் துடித்துக் கொஞ்ச தூரம் போய் விழுந்தது. எங்களைத் தன் பின்னால் வரச்சொல்லி நடிக்கிறதாம், நீ பிறகு சொன்னாய். சாம்பல் நிறம், குட்டை வால். அது முதலில் உட்கார்ந்திருந்த இடத்தில் கூழாங்கல் மாதிரி இரண்டு முட்டை. கீழே ஒரு சருகுகூட இல்லை. என் காலுக்கும் அதற்கும் ஒரு சாண்தான் இருந்தது. இத்தனை நாள் டார்ச்சோடு இதன் மேல்தான் நடந்து போய்க்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. காலைப் பின்னால் எடுத்து வைத்தேன்.

நாங்கள் அங்கே நின்றுகொண்டிருக்கும்போதே முதல் மண் லோரி வந்துவிட்டது. பின்பக்கமாக எங்களை நோக்கித்தான் வந்தது. நான் அவர் கையைப் பிடிக்குமுன் அவர் காலை இழுத்துக்கொண்டு லோரிக்கு எதிரே போய் நின்றுவிட்டார். இடது கையைத் தூக்கிக்கொண்டு, "போதும்! போதும்!" என்று கத்தினார்.

டிரைவர் தமிழ்ப் பையன். தலையை வெளியே நீட்டி, "என்னண்ணே போதும்? இன்னும் ஒரு லோடுகூடக் கொட்டல. தள்ளி நில்லுங்கண்ணே" என்றான்.

"தம்பி, அவரால பேச முடியாதுப்பா. இங்க குருவி முட்டை போட்டிருக்கு" என்று நான் ஓடினேன்.

"எங்கக்கா? ஒண்ணும் காணோமே."

இறங்கி வந்து குனிந்து பார்த்தான். நான் விரலால் காட்டியும் அவனுக்குத் தெரியக் கொஞ்ச நேரமாயிற்று. "அட, ஆமா லா. கல்லுன்னு நெனச்சேன்." உன் அப்பாவைப் பார்த்தான், அவர் காலைப் பார்த்தான். "சரிக்கா. நான் அந்தப் பக்கம் கொட்டிட்டுப் போறேன். ஆனா நாளைக்கு வேற லோரி வந்தா எனக்குத் தெரியாது. காண்ட்ராக்டர்கிட்ட நீங்க பேசணும்."

காண்ட்ராக்டர் எண்ணை அவன்தான் கொடுத்தான். நான் போன் பண்ணினேன். குருவி என்றதும் அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு, "பார்க்கிறோம்" என்று வைத்துவிட்டார்கள். முட்டையைச் சுற்றிச் செங்கல் வைத்து, குச்சி நட்டு, ராஃபியா பிளாஸ்டிக் கயிறு கட்டி, என் சிவப்புத் துணி ஒன்றையும் தொங்கவிட்டேன். எடுத்து வேறு இடத்தில் வைக்கட்டுமா என்று உன்னைக் கேட்டேன். "வேணாம்மா, மாத்தினா அது விட்டுட்டுப் போயிடும்" என்றாய். அவர் நாற்காலியைப் பின்வாசலில் போட்டுக்கொண்டு காவல் இருந்தார். லோரி சத்தம் கேட்டாலே எழுந்துவிடுவார். சில நாள் தள்ளித் தள்ளிக் கொட்டினார்கள். அந்தச் சில நாளும் அவர் நன்றாகச் சாப்பிட்டார். அதை உனக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மருத்துவமனைக்குப் போகும் நாள் வந்தது. தவறவிட்டால் மறு தேதி எப்போது கொடுப்பார்களோ தெரியாது. அவர் வரமாட்டேன் என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். நான்தான் விரல் விரலாக எடுத்துவிட்டு, "போய்ட்டு ஓடி வந்துடலாம், நான் இருக்கேன்ல" என்று காரில் ஏற்றினேன். திரும்பி வந்தபோது பின்வாசலிலிருந்து செம்பனை தெரியவில்லை. மண் மேடு மட்டும்தான் தெரிந்தது.

அவர் கைத்தடியைப் போட்டுவிட்டு மேட்டில் தவழ்ந்து ஏறினார். இடது கையால் மண்ணைத் தோண்டினார். "வேணாங்க, விடுங்க" என்றேன். நிறுத்தவில்லை. தனியாகத் தோண்டவிட மனம் வராமல் நானும் உட்கார்ந்து தோண்டினேன். எந்த இடம் என்றுகூட எங்களுக்குத் தெரியாது. என் வளையல் உடைந்து கை கிழிந்தது. தோண்டத் தோண்ட மேலே இருந்து மண் சரிந்து குழியை மூடிக்கொண்டே இருந்தது. இருட்டும் நேரத்தில் தலைக்கு மேலே கீச், கீச் என்று அது வட்டமடித்துக்கொண்டு போனது. வாலில் ஓரம் முழுக்க வெள்ளை. ஆண் பறவை. அன்றைக்கு எனக்கு அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? பக்கத்து வீட்டுக்காரர் வந்துதான் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தார். நீ அன்று போன் பண்ணியபோது நான், "தூங்கிட்டார்ப்பா" என்று மட்டும் சொன்னேன்.

அதற்குப் பிறகு பல நாள் அவரிடமிருந்து "போதும்" கூட வரவில்லை. பேச்சுப் பயிற்சிப் பெண் போனில், "பேச வையுங்கள் ஆன்ட்டி, விட்டுவிடாதீர்கள்" என்றது. எதைச் சொல்லிப் பேச வைப்பது? நீ சின்னவனாக இருந்த கதையெல்லாம் சொன்னேன். தஞ்சோங் காராங் வாய்க்காலில் உன் செருப்பு போனதும், அவர் பேண்ட்டோடு இறங்கியதும். கேட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கல்யாணத்தைத் தள்ளி வைக்காதே. தள்ளினால் எது வரைக்கும் என்று நான் சொல்ல வேண்டும். அது எனக்குத் தெரியவில்லை, டாக்டருக்கும் தெரியவில்லை. அடுத்த வருடம் இதைவிட நன்றாக இருப்பார் என்று எழுத ஆசைதான். எழுத முடியவில்லை. வேலையை விட்டுவிட்டு வந்துவிடு என்றும் என்னால் சொல்ல முடியவில்லை, வராதே என்றும் சொல்ல முடியவில்லை. உன் மாடி வீட்டுக்கு இவரைக் கூட்டி வருவதைப் பற்றி நீ சொன்னாய். அங்கே இவருக்கு மண் தரை ஏது என்று ஒரு மனம் சொல்கிறது. நான் கீழே விழுந்தால் இவரைத் தூக்க யார் என்று இன்னொரு மனம் சொல்கிறது. பெற்றவளிடம் பதில் இருக்கும் என்று நீ நினைக்கிறாய். இல்லை, தம்பி.

ஒன்றே ஒன்றைச் சொல்கிறேன். நீ கட்டிக்கொள்ளப் போகிற ஷாமினி உன்னிடம் ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லும். உனக்கு அது அலுப்பாக இருக்கும். அதன் ஆபீஸ் தோழியோ, அது பார்க்கிற நாடகமோ, ஏதோ ஒன்று. அந்த நேரம் கையில் போனை எடுக்காதே. கேட்டு வைத்துக்கொள். எனக்கு இத்தனை வருடம் ஒருவர் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து பாடம் நடத்தியிருக்கிறார். நான் ரசம்தான் ஊற்றினேன். அதில் கொஞ்சம் காதில் வாங்கியிருந்தால் அந்த முதல் சாயங்காலமே அவர் காட்டியது எது என்று தெரிந்திருக்கும். காண்ட்ராக்டர் ஆட்கள் குச்சி நடும்போதே போய்ப் பேசியிருப்பேன். பேசியிருந்தாலும் நடந்திருக்காது என்று நீ சொல்வாய். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனாலும்.

அவர் இப்போது கொஞ்சம் தேவலை. சாயங்காலம் மறுபடி பின்வாசலில் உட்காருகிறார், நானும் பக்கத்தில் உட்காருகிறேன். மண் மேட்டுக்கு அப்பாலிருந்து ஆசாரி கூப்பிடுகிறது. போன வாரம் அது கூப்பிட ஆரம்பித்ததும் அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, மணிக்கட்டில் ஒரு விரலால் தட்டினார். தோக், தோக், தோக். அதே சீராக. "ஆசாரி" என்றேன். தலையாட்டினார். அது நிறுத்தினால் இவரும் நிறுத்துவார், அது தொடங்கினால் இவரும் தொடங்குவார். பசி என்று சொல்ல இவருக்கு வழியில்லை, வலி என்று சொல்ல வழியில்லை. இந்த ஒன்றைச் சொல்ல மட்டும் வழி கிடைத்திருக்கிறது.

நேற்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெயில் கொளுத்தியது, ஒரு குருவியும் இல்லை. அவர் என் கையை இழுத்து வைத்துக்கொண்டு தட்ட ஆரம்பித்தார். "ஆசாரியா? இந்நேரத்துலயா?" என்றேன். இல்லை என்று தலையை அசைத்தார், அது இப்போது அவருக்குத் தெளிவாக வருகிறது. தட்டுவதை நிறுத்தவில்லை. "தண்ணி வேணுமா? கால் வலிக்குதா? தம்பிகிட்ட பேசணுமா?" எனக்குத் தெரிந்த கேள்வியெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவசரமில்லாமல், வெகுநேரம் தட்டினார். நான் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

லோரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போவாயே, அப்போது உன் கையில் எப்போதாவது இப்படித் தட்டியிருக்கிறாரா? அது என்ன என்று உனக்குத் தெரிந்தால் எனக்குச் சொல்.

அம்மா